மின் கிரில் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடுவோம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் மாடிக்கு ஒரு வீட்டிலாவது மின் கிரில் இருக்கும். அடுப்பங்கரை மேடையில் தேடாதீர்கள். அலமாரியின் தலைமேல், வாங்கி வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே தூங்கும். எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். அரசாங்கக் கிளினிக்கில் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ கூடிவிட்டது என்பார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் கிரில் வரும். இரண்டு வாரம் கோழி சுடுவார்கள். மூன்றாம் வாரம் கடாய் மறுபடி அடுப்பேறிவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. அந்த ஒருவர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவர் என் கணவர்.

எங்கள் கிரிலும் ஒருமுறை அலமாரி மேல் ஏறியதுதான். அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, ஜாலான் ஈப்போ பக்கம் மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இங்கே வருகிற கிரிலில் பாதிக்கு மேல் எந்தப் பழுதும் கிடையாது, தங்கச்சி. கடாயில் சமைத்துப் பழகிய கை அதில் சமைக்கிறது. அதுதான் பழுது” என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது சரியாகவே பட்டது. கடாயில் எண்ணெய் சும்மா கிடப்பதில்லை. சூட்டை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது, ஈரத்தை விரட்டுகிறது, ஒட்டாமல் காக்கிறது, மசாலாவின் பச்சை வாசத்தையும் போக்குகிறது. கிரிலில் அந்த எண்ணெயை எடுத்துவிட்டோம். அது செய்த வேலையைச் செய்ய வேறு ஆள் வைத்தோமா? கீழே வரும் தொல்லைகளில் பலவும் அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் ஏதோ ஒரு வேலையால் வருபவைதான்.

கிரில் இரண்டு வகை. புத்தகம்போல மூடி மேலும் கீழும் ஒரே நேரத்தில் சுடுவது ஒன்று. 1994இல் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் பெயரில் வந்து உலகமெங்கும் பரவிய சாய்வுத் தட்டு கிரில் இந்த வகை. மேலே திறந்திருக்கும் தட்டு அல்லது கம்பி வலை மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தீர்வும் குழம்பிவிடும். ஆகவே தேவைப்படும் இடங்களில் மூடும் கிரில், திறந்த கிரில் என்று பிரித்தே சொல்கிறேன்.

வீடு முழுக்கப் புகை

கிரில் புத்தம் புதியதா? அப்படியானால் முதல் ஓரிரு முறை வரும் புகை, தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிவதால் வருவது. ஜன்னலைத் திறந்துவைத்து வெறும் தட்டைப் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறியபின் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் புகை வந்தால் காரணம் நாம்தான்.

புகையை முகர்ந்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். கசப்பும் காரலுமாக வந்தால் அது நேற்றைய சமையல். தட்டின் ஓரத்திலும் கீல் பக்கத்திலும் கொழுப்பு வடியும் வழியிலும் ஒட்டியிருக்கும் பழைய பிசுக்கு மறுபடி எரிகிறது. தட்டின் நடுவை மட்டும் துடைப்பவர்கள் வீட்டில் இந்தப் புகை ஓயாது. பாகு தீய்ந்த வாசம் என்றால் ஊறவைத்த மசாலாவில் சர்க்கரையோ கிச்சாப்பு என்கிற சோயா சாஸோ இருக்கிறது. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம். எண்ணெய்ச் சட்டி கருகிய வாசம் வந்தால் நீங்கள் தட்டில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். இது கடாய்ப் பழக்கம். தட்டின் வெற்றிடத்தில் கிடக்கும் எண்ணெய்க்கு எரிவதைத் தவிர வேறு வேலை இல்லை. தடவுவதானால் கோழி மீதோ மீன் மீதோ விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். வெண்ணெய் இன்னும் மோசம். அதிலுள்ள பால்பொருள் சீக்கிரம் கருகிவிடும். நெய் அதைவிடச் சூடு தாங்கும், ஆனால் நாம் எதற்காகக் கிரில் வாங்கினோம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோழியைத் தோலோடு வைத்தால் கொழுப்பு உருகிப் புகையத்தான் செய்யும். தோலை உரித்துவிட்டால் புகையும் குறையும், கொழுப்பும் குறையும். திறந்த கிரில் பலவற்றில் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றும் வசதி இருக்கும். நிறையப் பேர் அதை ஊற்றுவதே இல்லை. சொட்டும் கொழுப்பு தண்ணீரில் விழுந்தால் அடங்கிவிடும், காய்ந்த சூட்டுத் தட்டில் விழுந்தால் புகையாகும்.

ஒட்டாத பூச்சு உள்ள தட்டை வெறுமனே சூடேற்றிவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விடாதீர்கள். அந்தப் பூச்சு ஏறக்குறைய 260 பாகை செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். மிகையாகச் சூடேறினால் வரும் ஆவி கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடக்கூடியது. எங்கள் மாடியில் ஒருவர் தாழ்வாரத்தில் மெர்போக் புறாக் கூண்டு தொங்கவிட்டிருக்கிறார். நான் கிரிலைப் போட்டால் முதலில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறப்பேன்.

கோழி தட்டோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது

குளிர்ந்த தட்டில் ஈரக்கோழியை வைத்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? இறைச்சியின் புரதம் சூடேறும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டு முன்பே நன்றாகக் காய்ந்திருந்து, மேற்பரப்பும் உலர்ந்திருந்தால், பட்டவுடன் மேலே ஒரு பொருக்கு உண்டாகும். அந்தப் பொருக்கு முற்றியதும் கோழி தானாகவே தட்டை விட்டுவிடும்.

ஆகவே மூன்றைப் பாருங்கள். கிரிலை மூடிவைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் காயவிட்டீர்களா? தயிர் மசாலாவில் ஊறியதை அப்படியே அள்ளி வைத்தீர்களா, அல்லது மிகுதியை வழித்துவிட்டு வைத்தீர்களா? வைத்த ஒரு நிமிடத்திலேயே கரண்டியால் கிளப்பிப் பார்த்தீர்களா? கடைசியில் சொன்னதுதான் நம் கைக்கு மிகக் கடினம். கடாயில் கிளறிக் கிளறிப் பழகியவர்களுக்கு மூன்று நிமிடம் சும்மா நிற்பது ஒரு தவம். மூடியைத் தூக்கும்போது கனமாக வந்தால் இன்னும் பொருக்கு ஆகவில்லை என்று பொருள். விட்டுவிடுங்கள்.

அப்படியும் ஒட்டினால் பூச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது டின்னில் வரும் எண்ணெய்த் தெளிப்பான் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் எண்ணெயோடு கலந்துள்ள லெசித்தின் சூட்டில் பசைபோலப் படிந்து, துடைத்தாலும் போகாத மஞ்சள் படலமாகிவிடும். பிறகு அந்தப் படலத்திலேயே எல்லாம் ஒட்டும்.

வெளியே கரி, உள்ளே பச்சை

சாத்தே செய்யப் போய்த்தான் பெரும்பாலானவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். காஜாங்கில் கரித்தணலுக்கு விசிறிக்கொண்டே சுடும் சாத்தேயை நினைத்து, மஞ்சளும் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்து, குச்சியில் குத்தி, மூடும் கிரிலில் வைப்பார்கள். முதல் தவறு குச்சி. அது இரண்டு தட்டுக்கும் இடையில் முட்டுக்கொடுத்து நிற்பதால் மேல்தட்டு இறைச்சியைத் தொடாது. கீழ்ப்பக்கம் கருகும், மேல்பக்கம் ஆவியில் வெந்து வெளுத்திருக்கும். குச்சியை எடுத்துவிட்டு இறைச்சியைத் தட்டையான துண்டுகளாகச் சுடுங்கள். குச்சி இருந்தே ஆகவேண்டும் என்றால் திறந்த கிரிலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள்.

இரண்டாவது சர்க்கரை. அது 160 பாகையை ஒட்டிப் பாகாகிச் சிவக்கத் தொடங்கும், அதற்கு மேலே போனால் கரி. கிரில் தட்டோ 200 பாகையைத் தாண்டி நிற்கும். உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிட்டதற்குக் கோழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இனிப்புக் கிச்சாப்பு, தேன், சர்க்கரை எதுவானாலும் ஊறலில் சேர்க்காதீர்கள். வெந்து முடியும் கடைசி ஒரு நிமிடத்தில் தூரிகையால் தடவுங்கள். அளவும் கால்பங்காகிவிடும், நீரிழிவுக்காரர் வீட்டில் இது இரட்டை லாபம்.

மூன்றாவது தடிமன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த விறைத்த கோழியை அப்படியே வைக்கக் கூடாது. உறைந்ததை முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுதாக இளகவிட வேண்டும். துண்டின் தடிமன் இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் போகாமல் குறுக்கே பிளந்து விரித்துக்கொள்ளுங்கள். எலும்போடு இருக்கும் தொடையை மூடும் கிரிலில் சுடுவதை நான் விட்டுவிட்டேன். ஒருபக்கம் உயர்ந்தும் ஒருபக்கம் தாழ்ந்தும் இருக்கும் துண்டில் மூடி சமமாக உட்காராது. ஆசை விடவில்லை என்றால் முதலில் இட்லிச் சட்டியில் ஆவியில் முழுதாக வேகவைத்து, துடைத்து, பிறகு நிறத்துக்காக மட்டும் கிரிலில் வையுங்கள்.

கோழி வெந்ததா என்பதைச் சமையல் வெப்பமானி சொல்லிவிடும். தடித்த இடத்தின் நடுவில் 74 பாகை காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மஞ்சள் தூள் போட்ட கோழியில் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். முழுக்கக் கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். இறைச்சி மிகுந்த சூட்டில் கருகும்போது உண்டாகும் சில வேதிப்பொருள்கள் ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியிருக்கின்றன. உடல்நலத்துக்காக வாங்கிய கிரிலில் கரியைத் தின்பானேன்?

வெந்துவிட்டது, ஆனால் மசாலாவில் பச்சை வாசம்

மற்றவர்கள் எழுதும் கிரில் குறிப்புகளில் இந்தத் தொல்லையைக் காண முடியாது. உப்பும் மிளகும் தூவிச் சுடுகிறவர்களுக்கு இது வருவதே இல்லை. நம் வீட்டில்தான் வரும். என் மாமியார் முதல் கிரில் கோழியைக் கடித்துவிட்டு, “ஆஸ்பத்திரியில்கூட இதைவிட நன்றாகப் போடுவார்கள் அம்மா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

கடாயில் மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் எண்ணெயில் கிடந்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை பத்து நிமிடமாவது வதங்குகின்றன. மசாலாப் பொருள்களின் மணம் பெரும்பாலும் கொழுப்பில் கரைவது. எண்ணெய்தான் அதை வெளியே இழுத்து நாக்குக்குத் தருகிறது. கிரிலில் கோழி ஆறு ஏழு நிமிடத்தில் வெந்துவிடும். அதில் முதல் பாதி நேரம் மசாலா ஈரத்தில்தான் கிடக்கிறது. ஈரம் போவதற்குள் கோழி முடிந்துவிடும். விட்டு வைத்தால் மசாலா பழுக்கும், கோழி காய்ந்துவிடும்.

தீர்வு எளிது. மசாலாவை முன்கூட்டியே பழுக்கவைத்துவிட வேண்டும். அரைக் கிலோ கோழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். சின்ன வாணலியில் இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு, மல்லி, மிளகாய், மஞ்சள் தூள்களைச் சேர்த்து, சிறு தீயில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பச்சை வாசம் போகும் வரை கிளறுங்கள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவதும் இங்கேதான். கிரிலில் நேராகப் போட்டால் அது சாம்பலாகிவிடும். ஆறியபின் இரண்டு கரண்டி கெட்டித் தயிரில் குழைத்துக் கோழியில் பூசி, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இந்த விழுதைச் செய்து போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாளைக்குக் கவலை இல்லை. அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஏறக்குறைய 40 கலோரி, நான்கு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குப் பத்து.

இன்னொரு வழி, எதிர்த்திசையில் போவது. உப்பும் மஞ்சளும் பூண்டும் மட்டும் தடவிச் சுட்டு, எடுத்த சூட்டோடு வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும் தூவி, லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை இரண்டைப் பிழிந்துவிடுங்கள். புளிப்பு மேலே நின்றால் உப்பு குறைவாக இருப்பது நாக்குக்குத் தெரியாது. மாமியார் இப்போது இந்த இரண்டாவது வகையைத்தான் கேட்கிறார். முதலில் சொன்ன வாக்கை மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லை.

நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுகிறது

பெரும்பாலும் நேரக் கணக்குதான் தவறு. மூடும் கிரில் இரண்டு பக்கமும் சுடுவதால் தோசைக்கல்லில் ஆகும் நேரத்தில் பாதியே போதும். தோலில்லாத நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை, ஒரு நிமிடம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு செண்டிமீட்டர் துண்டுக்கு ஐந்தாம் நிமிடத்திலேயே வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், சாறு உள்ளேயே நிற்கும். மூடியை மேலிருந்து கையால் அமுக்குவதை நிறுத்துங்கள். சூடு சீறும் சத்தம் கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் சீறி வெளியே போவது நீங்கள் சாப்பிட வேண்டிய சாறு.

மீன் எடுக்கும்போது உடைந்து கொட்டுகிறது

மூடியின் கனமே மெல்லிய மீனை நசுக்கிவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பூட்டு இருந்தால் மேல்தட்டு மீனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் மூடாமல் கீழ்த்தட்டில் மட்டும் சுட்டு ஒரே ஒருமுறை திருப்புங்கள்.

எந்த மீன் என்பதும் கணக்கில் வரும். தெங்கிரி, அதாவது தமிழ்நாட்டில் வஞ்சிரம், ஒன்றரை செண்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் கிரிலுக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். கெம்போங், நம் கானாங்கெளுத்தி, விலையும் குறைவு, ஒமேகா-3 கொழுப்பும் நிறைந்தது. முழுசாக இரண்டு பக்கமும் கீறிவிட்டுச் சுடலாம். சியாக்காப் என்கிற கொடுவாவைத் தோலை எடுத்துவிட்டுத் துண்டு போட்டால் உதிர்ந்துவிடும், தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் நிற்கும்.

உடையாமல் எடுக்க எனக்கு வழி சொன்னவர் கீழ்மாடியில் நாசி லெமாக் விற்கும் மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா. “வாழையிலை இருக்கும்போது என்ன கவலை?” என்று கேட்டார். மீன் சுட்டு விற்கும் ஈக்கான் பாக்கார் கடைகளில் திருக்கையை வாழையிலை மேல் வைத்துத்தானே சுடுகிறார்கள். இலையை அடுப்புத் தீயில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடங்கும். மேலும் கீழும் இலை, நடுவில் மீன். இலை தட்டில் கருகி மணம் கொடுக்கும், மீன் இலையோடு அப்படியே வெளியே வரும், தட்டும் அழுக்காகாது. மிளகாய் விழுதான சம்பாலை மீனுக்கு மேல் கெட்டியாகப் பூசியும் சுடலாம், கருகாது. எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். இலை இடையில் இருப்பதால் வெறும் மீனைவிட நேரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். வெந்த மீன் கண்ணாடிபோல இருக்காது, வெள்ளையாகி, முள்கரண்டி பட்டால் இதழ் இதழாகப் பிரியும்.

காய்கறி சுடுவதற்குப் பதில் அவிந்துவிட்டது

தட்டை நிரப்பி அடுக்கியிருப்பீர்கள். காயிலிருந்து வரும் ஆவிக்குப் போக வழி இல்லை. துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி விடுங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் உப்பு தண்ணீரை இழுத்துவிடும். கத்தரிக்காய்தான் கிரிலின் உண்மையான வெற்றி. எண்ணெயில் போட்டால் பஞ்சுபோல உறிஞ்சும் காய், இங்கே ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடுகிறது. வெண்டைக்காயை முழுசாகச் சுட்டால் வழவழப்பு அவ்வளவாகத் தெரியாது. சோயாக் கட்டியான தௌஃபுவைத் துணியில் சுற்றி மேலே அம்மிக்குழவியை வைத்து அரைமணி நேரம் தண்ணீர் வடியவிட்ட பிறகே கிரிலில் வையுங்கள். புளித்த சோயாவான தெம்பேக்கு அந்தத் தொல்லையும் இல்லை, மெல்லியதாக வெட்டி வைத்தால் போதும்.

விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது

பழுது இல்லை. வேண்டிய சூடு வந்ததும் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை நிறுத்தும், சூடு இறங்கியதும் மறுபடி தரும். விளக்கு அதைத்தான் காட்டுகிறது. விளக்கே வரவில்லை, தட்டும் சூடாகவில்லை, அதே சாக்கெட்டில் வேறு சாதனம் வேலை செய்கிறது என்றால் முதலில் பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், மிகைச்சூட்டில் ஒரே முறை அறுந்து காப்பாற்றும் உள் ஃபியூஸ் போயிருக்கலாம். அது கடைக்காரரின் வேலை.

சுவிட்சைப் போட்டதும் வீடே இருண்டுவிடுகிறது

மின்பெட்டியைத் திறந்து எந்த நெம்பு கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

சாக்கெட்டுகளுக்கான சின்ன நெம்பு விழுந்தால் பெரும்பாலும் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2000 வாட் கிரில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே நீட்டிப்புப் பலகையில் 2200 வாட் தண்ணீர்க் கெண்டியையும் செருகினால் அது 9.6 ஆம்பியர். கூட்டினால் 18 தாண்டுகிறது, பலகையின் பிளக்கோ 13 ஆம்பியருக்கானது. கிரிலுக்குச் சுவரில் தனி சாக்கெட் கொடுங்கள். பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டும் வித்தை தெரிந்த தாத்தாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பிளக் பக்கம் விடாதீர்கள்.

பெரிய நெம்பு, அதாவது மின்கசிவைக் கண்டதும் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் விளையாட வேண்டாம். எங்கோ மின்சாரம் உடலுக்கோ பூமிக்கோ கசியப் பார்க்கிறது. கிரிலைக் கழற்றிவிட்டு நெம்பை ஏற்றுங்கள். நின்றால் குற்றவாளி கிரில். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குழாயடியில் பிடித்துக் கழுவியிருப்பீர்கள், அல்லது மாதக்கணக்கில் இந்த ஊர்ப் புழுக்கத்தில் கிடந்திருக்கும். சூடாகும் கம்பிக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும். என் கிரிலுக்குப் பிற்பாடு ஒருமுறை வந்தது இதுதான். அண்ணன் இரண்டு நாள் வைத்து உலர்த்திச் சோதித்துத் தந்தார், மறுபடி விழவில்லை. நாமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும், பிளக்கில் பூமிக்கான மூன்றாவது முள்ளைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் உயிரோடு விளையாடுவது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த கிரிலா? அது 120 வோல்ட்டுக்கானது. அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானால் சூடாகும் வேகம் நான்கு மடங்காகும். செருகிய உடனே கதை முடிந்துவிடும். இங்கே வாங்கும்போது மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

ஆறு மாதமாகக் கிரில் சாப்பாடு, எடையும் இறங்கவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை

என் கணவர் புகார் இது. கொழுப்புத் தட்டில் வடிந்ததைக் காட்டி, “இவ்வளவும் என் வயிற்றுக்குப் போயிருக்கும்” என்று பெருமைப்படுவார். உண்மையில் தோலில்லாத கோழியில் வடிய அதிகம் இல்லை. நாம் தவிர்ப்பது முக்கியமாகப் பொரிக்கும் எண்ணெயைத்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோழிக்குத் துணையாக மூன்று அகப்பை வெள்ளைச் சோறும், பிறகு கெட்டிப்பால் போட்டு ஆற்றும் தே தாரிக் தேநீர் ஒன்றும் போனால் லாபம் வாசலோடு திரும்பிவிடும்.

கிரிலில் எதை வைக்கிறோம் என்றும் பாருங்கள். சாசேஜும் பர்கர் இறைச்சியும் சுட்டாலும் சாசேஜ்தான், பர்கர்தான். உப்புக் கிச்சாப்பு ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. தொட்டுக்கொள்ளும் மயோனேஸைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சொன்னால் பிள்ளைகள் என்னோடு பேச மாட்டார்கள்.

சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு செப்பாரோ தட்டுக் கணக்கை நான் கிரிலுக்கும் வைத்துக்கொண்டேன். கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். அப்படிப் பார்த்தால் கிரில் தட்டிலும் பாதி இடம் காய்க்குத்தான் போக வேண்டும். முதலில் காயைச் சுட்டு எடுத்துவிட்டுப் பிறகு கோழியை வைத்தால் பச்சைக் கோழியின் சாறு காயில் படாது, நடுவில் கழுவும் வேலையும் இல்லை.

தட்டின் பூச்சு உரிகிறது

நூல்போலக் கீறல் ஒன்றிரண்டு என்றால் ஓட்டலாம், ஒட்டும் இடம் கூடும், அவ்வளவுதான். செதில் செதிலாக உரிந்தால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள். கழற்றி மாட்டும் தட்டு உள்ள கிரிலுக்குத் தனித்தட்டு கிடைக்குமா என்று வாங்கும் கடையிலேயே கேட்டு வைப்பது நல்லது.

உரியாமல் காப்பது சுத்தம் செய்யும் முறையில் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டை நடுவில் வைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் பிசுக்கு இளகிவிடும், துணியால் துடைத்தால் வந்துவிடும். விடாத இடத்துக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி மரக்கரண்டியால் தேய்க்கலாம். கொதிக்கும் தட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தட்டு வளைந்துவிடும், பிறகு இரண்டு தட்டும் ஒழுங்காகப் பொருந்தாது. உலோக இடுக்கியும் இரும்பு நாரும் வேண்டவே வேண்டாம்.

என் முதல் கிரிலின் மேல்தட்டு இரும்பு நாரால்தான் போனது. தீபாவளிக்கு முந்தைய நாள் பெருந்துப்புரவில் யாரோ தேய்த்துவிட்டார்கள் என்றுதான் இதுவரை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த யாரோ நான்தான்.